இட்டேரியில் நாயோடு ஒரு காலை: கொறங்காட்டு நடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆட்டுப் பட்டிக்கு இருபது அடி தள்ளி உங்கள் நாயோடு நின்று பாருங்கள். உள்ளே நாற்பது செம்மறிகள் அசைபோட்டபடி படுத்திருக்கும். முதலில் ஒன்று எழும். அப்புறம் எல்லாமே எழுந்து ஒரே மூலைக்கு ஒதுங்கி, உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பும். முன்னால் நிற்கும் ஆடு ஒரு முன்காலைத் தூக்கித் தரையில் ‘டொக்’கென்று தட்டும். நாய் இன்னும் ஓர் அடி வைத்தால் மறுபடி தட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் நின்று, பின்வாங்கிவிட வேண்டும். நாயோடு கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்கு வருபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அந்த இருபது அடிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலை.

கோவை, திருப்பூர், ஈரோட்டில் நாய் வளர்ப்பவர்களைச் சில வருடங்களாகச் சின்னக் குழுக்களாக இந்தப் பக்கம் அழைத்து வருகிறேன். கோவை–திருச்சி சாலையில் பல்லடம் தாண்டினால் காங்கேயம், வெள்ளகோவில். அங்கிருந்து தெற்கே மூலனூர் வரை எங்கள் நடை. புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கொறங்காடு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம் அது. அரசுக் காடு அல்ல, ஊர்ப் பொது நிலமும் அல்ல. ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு காட்டுக்காரர் உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. காங்கேயம் மாடுகள் இந்தப் புல்லைத் தின்றுதான் வளர்ந்தன. இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே மாடும் வண்டியும் போகிற பாதைதான் இட்டேரி. நம் நடை அந்த இட்டேரியில்.

ஒரு மாதம் முன்பு

நாயை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் முதலில் போடுவது. அதன்பின் வருடம் தவறாமல் போட வேண்டும். முதல்முறை போட்டிருந்தால் எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரமாவது ஆகும், அதனால் நடைக்கு முந்தின நாள் போய் ஊசி போட்டுப் பயனில்லை. எலிக்காய்ச்சல், டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். நான்கு மாதம் நிறையாத குட்டியைக் கூட்டி வர வேண்டாம். சினை நாயும், பருவத்தில் இருக்கும் பெட்டை நாயும் வேண்டாம். தோட்டத்து நாய்கள் எல்லாம் பின்னால் வந்துவிடும்.

குடற்புழு நீக்கம் உங்கள் நாய்க்காக மட்டும் செய்வது அல்ல. நாயின் குடலில் இருக்கும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மலத்தோடு புல்லில் விழுந்து, அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால், ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளரும். அந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச்சுற்றி வரும், கண் தெரியாமல் வேலியில் முட்டும், கடைசியில் செத்துப்போகும். ஆகவே நாடாப்புழுவையும் கொல்லும் மருந்தாக, பிராசிகுவான்டெல் சேர்ந்ததாக, கேட்டு வாங்கி நடைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு கொடுங்கள். உண்ணிக்கான மாத்திரையும் அப்போதே. வேலியோரப் புல்லில் உண்ணி நிறைய.

அடுத்தது நாயின் குணம். நாய் அன்பானதா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி: எதிரே ஏதாவது ஓடினால் அது என்ன செய்யும்? சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இவை பார்வையால் இரையைத் துரத்தப் பழக்கப்பட்ட இனங்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு பெருமை நமக்கு அந்த நாயின் மேல். ஆனால் வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. காது கேட்காத நாயைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாது. உங்கள் நாய் எதுவானாலும் பூங்காவில், தெருவில், கோழி மேயும் இடத்தில் நடத்திப் பாருங்கள். ‘நில்’ என்ற ஒரு சொல்லுக்குக் கயிறு தளர நிற்க வேண்டும். அது பழகும் வரை நடையைத் தள்ளிப்போடுங்கள், தப்பில்லை.

எப்போது, எங்கே

வடகிழக்குப் பருவமழை குறைந்து புல் தழைத்திருக்கும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரைதான் சரியான காலம். மார்ச் பிறந்தால் நான் நாய்களைக் கூட்டி வருவதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், ஷீட்ஸூ மாதிரி தட்டை முக நாய்களுக்கும், ஹஸ்கி மாதிரி அடர்முடி நாய்களுக்கும் டிசம்பரில்கூட ஒன்பது மணி வெயில் அதிகம். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி எண்ணுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

மார்ச்சுக்குப் பிறகு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் ஆள்காட்டிப் பறவை. அது வெறுந்தரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டை வைக்கும். மார்ச்சிலிருந்து மழைக்காலம் வரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும். கௌதாரியும் தரையில்தான் கூடு வைக்கும். ஒரு நாய் பத்து நிமிடம் மோப்பம் பிடித்துத் திரிந்தால் போதும், ஒரு வருடக் குஞ்சுகள் போய்விடும்.

இடத்தைப் பொறுத்தவரை ஒன்று கறாராகச் சொல்ல வேண்டும். காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதற்குள்ளும் நாயைக் கூட்டிப் போகக் கூடாது. வெள்ளோடு ஏரியும், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளமும் பறவைச் சரணாலயங்கள்; அங்கே போக ஆசை என்றால் நாயை வீட்டில் விட்டுப் போங்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது அந்தக் கிருமியும் கண்டறியப்பட்டது. மலையடிவாரத் தோட்டங்களையும் தவிர்த்துவிடுங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை (இரைக்குள் வைத்த நாட்டு வெடியை) கடித்து வாய் சிதறிய நாய்கள் உண்டு.

ஒரு வாரம் முன்பு: காட்டுக்காரரிடம் பேசுவது

திறந்து கிடக்கும் கொறங்காட்டைப் பார்த்து ‘யாரும் இல்லையே’ என்று படலை (வேலிக் கதவை) தள்ளிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். யாரோ ஒருவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக வேண்டும். அதற்கு ஆடு மேய்ப்பவரைவிடச் சிறந்தவர் கிடையாது. எந்த இட்டேரியில் கிணறு திறந்து கிடக்கிறது, எந்தக் காட்டில் கன்று ஈன்ற மாடு நிற்கிறது, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நேரில் போய், டீக்கடையில் விசாரித்து, நாய் இல்லாமல் ஒருமுறை அவரோடு அதே வழியில் நடந்துவிட்டு வாருங்கள். அவருக்கு ஒரு நாள் கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். ‘ஏதோ பாத்துக் கொடுங்க’ என்பார். நீங்களே தொகையைச் சொல்லிவிடுவது நல்லது.

தோட்டத்துக்காரர் உங்களைக் கேட்கும் முதல் கேள்வி அனேகமாக இதுவாக இருக்கும்: “ஏனுங்க, உங்க நாய் ஆட்டைப் பாத்தா என்ன பண்ணுமுங்க?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வலி இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் கூட்டமாக இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் செய்தித்தாளில் நீங்கள் படித்திருக்கலாம். விடிகாலையில் பட்டிக்குப் போனால் பத்து ஆடு கழுத்து கிழிந்து கிடக்கும். அந்த வீட்டின் ஒரு வருட வருமானம் அது. அவர் கண்ணுக்கு உங்கள் லாப்ரடாரும் ஒரு நாய்தான். அதனால் ‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘துரத்தப் பாக்குமுங்க. கயிறைக் கழட்ட மாட்டோம், பட்டிக்கிட்ட கொண்டு வர மாட்டோம்’ என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன வீடுகளில் படல் திறந்தது.

நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. சினை ஆடு, புதுக்குட்டி இருக்கிறதா? துரத்தப்பட்ட சினை ஆடு கரு கலைந்து குட்டி வீசிவிடும். நாய் ஆட்டைத் தொடவே வேண்டியதில்லை, மிரட்டினாலே போதும். பக்கத்தில் எங்காவது கோமாரி இருக்கிறதா? இருந்தால் நடையை ரத்து செய்துவிடுங்கள்; நம் செருப்பிலும் கார் டயரிலும் அது அடுத்த தோட்டத்துக்குப் போகும். அவர் வீட்டு நாயைக் கட்டி வைக்க முடியுமா? ஆடு எத்தனை மணிக்குப் பட்டியை விட்டு வெளியே போகும்?

கடைசிக் கேள்விதான் உங்கள் நேரத்தைத் தீர்மானிக்கும். பனிக்காலத்தில் புல்லின் ஈரம் காய்ந்த பிறகுதான் ஆட்டை ஓட்டுவார்கள். அதற்குள் நாய்களோடு இட்டேரி நடையை முடித்துவிட வேண்டும். ஆடு வெளியே வரும்போது நாய்கள் வேப்பமரத்தடியில் கட்டுண்டு கிடக்க வேண்டும்.

குழு சிறியதாக இருக்கட்டும். நான்கு நாய், எட்டு ஆள் என்பது என் கணக்கு. ஒரு நாய்க்கு இரண்டு பேர் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முந்தின இரவு

பையில் வைக்க வேண்டியது அதிகம் இல்லை. நாய் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கிண்ணம், மலம் அள்ளப் பைகள், முள்வாங்கி, பஞ்சும் கட்டுத்துணியும், ஒரு சோப்புக்கட்டி, ஒரு பெரிய போர்வை. போர்வை எதற்கு என்றால், அடிபட்ட நாயை இரண்டு பேர் தூக்க அதுதான் தூளி.

கயிறு ஆறு அடி நீளத்தில் பட்டையானதாக இருக்கட்டும். பொத்தானை அமுக்கினால் நீளும் கயிறு இங்கே உதவாது; கிளுவை வேலிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும், வேகமாக இழுபடும்போது கையை அறுத்துவிடும். கழுத்துப் பெல்ட்டைவிட மார்போடு மாட்டும் ஹார்னஸ் நல்லது. பெல்ட்டில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். கண்டதையும் வாயில் போடும் நாய் என்றால் வாய்க்கூடு போட்டுப் பழக்கிக் கொண்டு வாருங்கள்.

அருகில் எந்தக் கால்நடை மருத்துவமனையில் நாய்க்குப் பாம்புக்கடி ஊசி இருக்கும் என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் யாரும் செய்வதில்லை, தயவுசெய்து செய்யுங்கள்.

காலையில் நாய்க்குச் சாப்பாடு வேண்டாம். வயிறு நிறைய உண்டுவிட்டு ஓடினால், நெஞ்சு அகன்ற பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நடை முடிந்து அரைமணி ஓய்ந்த பிறகு கொடுக்கலாம்.

இட்டேரிக்குள்

ஆறரைக்கு வெளிச்சம் வந்ததும் தொடங்கலாம். வழிகாட்டி முதலில், அவருக்குப் பின்னால் நாய் இல்லாத ஒருவர், அப்புறம் ஒவ்வொரு நாய்க்கும் பத்தடி இடைவெளி. வரிசையில் கடைசியாக வருபவர் படல்களைச் சாத்த வேண்டியவர். படல் எப்படி இருந்ததோ அப்படியே விடுவதுதான் முறை. திறந்திருந்தால் திறந்தபடி, கட்டியிருந்தால் அதே முடிச்சோடு.

முதல் கால்மணி நேரம் நாய்களை மோப்பம் பிடிக்க விடுங்கள். நமக்கு வெறும் வேலி. அவற்றுக்கு நேற்றிரவு முழுவதும் அங்கே எழுதியிருக்கிறது. கீரி போன தடம், முயல் புழுக்கை, உடும்பு வாலை இழுத்துப் போன கோடு. நாய் நின்று காதை விறைத்தால் நீங்களும் நின்று அதே திசையில் பாருங்கள். பலமுறை எனக்கு முன்பே என் நாய் கௌதாரியைக் கண்டுகொண்டிருக்கிறது. செம்போத்து வேலியின் அடியில் ஊர்ந்து போகும், பனங்காடை கம்பத்தில் உட்கார்ந்து கிளம்பும்போது இறக்கை நீலம் தெறிக்கும், கரிச்சான் மாட்டு முதுகில் சவாரி போகும். நீங்கள் வந்திருப்பதை ஆள்காட்டி ஊருக்கே சொல்லிவிடும். பெயரே அப்படி வந்ததுதான். அது தலைக்கு மேல் சுற்றிச்சுற்றிக் கத்தினால் பக்கத்தில் கூடு இருக்கலாம் என்று பொருள். வந்த வழியே பத்தடி பின்வாங்குங்கள்.

வேலியையும் பார்த்துக்கொண்டே நடங்கள். கிளுவையின் மேல் பிரண்டை, கோவைக்கொடி, சங்குப்பூ. அடியில் ஆவாரை, துத்தி, எருக்கு. உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்ட இடங்களில் இதில் ஒன்றும் இருக்காது. ஒரே நடையில் இரண்டையும் பார்க்கலாம். கம்பிவேலி ஓரம் நாய்கள்கூட மோப்பம் பிடிக்காமல் கடந்துபோவதைக் கவனியுங்கள்.

முயல் எழுந்து ஓடும். மயில் ஓடும். அப்போது நாயை அவிழ்த்து விட்டு ‘ஓடிப் பாக்கட்டும்’ என்று ரசிக்கத் தோன்றும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு விலங்கைத் துரத்துவதும் வேட்டையாடுவதாகத்தான் கணக்கு. நாய் பிடிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே.

இந்த நிலத்தில் நாய்க்குப் பெரிய ஆபத்து பாம்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குப் பயம் கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் புல் மூடிக் கிடக்கும். நாய் மட்டுமல்ல, ஆளே விழுவார். வாய்க்காலும் அப்படித்தான். பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் சிமெண்ட் சரிவில் தண்ணீர் குடிக்க இறங்கிய நாய் பாசியில் வழுக்கினால் ஏற முடியாது. அதைப் பிடிக்கப் போகும் ஆளும் ஏற முடியாது. தண்ணீர் கிண்ணத்தில்தான்.

பாம்புக்கு: கல் குவியலையும் வேலி அடியையும் நாய் குடைய விடாதீர்கள். சுருட்டை விரியன் கல்லடியில் கிடக்கும், கண்ணாடி விரியன் வேலியோரச் சருகில் கிடக்கும். வேறு சிலவற்றையும் வாயில் போட விடக் கூடாது: ஆமணக்குக் கொட்டை, அரளி, ஊமத்தை, தேரை. எரு போட்ட வயலில் ஆமணக்குப் புண்ணாக்கு கலந்திருந்தால் அதன் வாசத்துக்கு நாய் விரும்பித் தின்னும். தின்றால் உயிருக்கே ஆபத்து.

அரைமணிக்கு ஒருமுறை நின்று நான்கு பாதங்களையும் பாருங்கள். வெள்வேல முள் வெள்ளையாக நீளமாக இருக்கும், பார்த்ததும் தெரியும். நெருஞ்சி விரலிடுக்கில் ஒளிந்துகொள்ளும். நாய் நக்கிக்கொண்டே இருந்தால் அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்தில்

சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) முன்னால் வேப்பமர நிழல் இருக்கும். நாய்களை அங்கே கட்டி, நாய்க்கு இரண்டு பேரில் ஒருவர் அதனோடு உட்காருங்கள். மற்றவர் பட்டிக்கும் மாடு கட்டும் கட்டுத்தரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாறிக்கொள்ளலாம். இதற்குத்தான் இரண்டு பேர் என்றேன். நாயைக் கையில் பிடித்துக்கொண்டே பட்டி பார்க்கப் போவதை முதல் வருடம் நானே அனுமதித்தேன். மிகவும் அமைதியான நாய்தான். ஒரு குட்டி துள்ளியது, நாய் தாவியது, பிடித்திருந்தவர் விழுந்தார், கயிறு கையை விட்டுப் போனது. ஆடுகள் படலை உடைத்துக்கொண்டு ஓடின. ஒன்றுக்கும் காயமில்லை. ஆனால் அடுத்த வாரம் இரண்டு சினை ஆடு குட்டி வீசிவிட்டதாக அந்தத் தோட்டத்து அம்மா போனில் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நாய் வேப்பமரத்தைத் தாண்டுவதில்லை.

தூரத்தில் இருந்து நாயும் ஆடும் ஒன்றையொன்று பார்க்கலாம். இருபது அடி, முப்பது அடி. ஆடு காலைத் தட்டினால் பின்வாங்குங்கள். நாய் முறைத்துப் பார்க்காமல் முகத்தை உங்கள் பக்கம் திருப்பினால் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். அவ்வளவு போதும்.

ஆடு வெளியே போவதைக் கட்டாயம் பாருங்கள். படலை ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் திறந்து, தோட்டத்துக்காரர் ஓரமாக நிற்பார். ஆடுகள் ஒன்றிரண்டாக நழுவும். அவர் உதடு அசையும், எண்ணுகிறார். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை முடிந்ததும் அவரே திரும்பி “வாங்க” என்பார்.

கட்டுத்தரையில் காங்கேயம் மாடு நின்றால், கன்றைத் தேடுங்கள். தாய் மயிலை (சாம்பல் வெள்ளை) நிறம், பக்கத்தில் நிற்கும் கன்று செம்மண் மாதிரி சிவந்திருக்கும். வேறு மாட்டின் கன்றோ என்று நினைப்பீர்கள். காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக வளர்ந்தால் கழுத்திலும் திமிலிலும் கருமை ஏறும். கன்று ஈன்ற மாட்டுக்கும் பூச்சிக்காளைக்கும் (இனவிருத்திக் காளைக்கும்) பக்கத்தில் தோட்டத்துக்காரர் இல்லாமல் போகாதீர்கள். காட்டில் மேயும் மாடு நாயைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி உங்களை நோக்கி வந்தால், கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள். நடையில் கயிற்றை விடலாம் என்று நான் சொல்லும் ஒரே சமயம் இதுதான். மாட்டின் கோபம் நாய்மேல். நாய் ஓடித் தப்பிவிடும். நீங்கள் தூக்கி அணைத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து விழும்.

காங்கேயம் பக்கம் தேங்காய்க் களங்கள் உண்டு. தேங்காய்ப் பருப்பு பரப்பிக் காயும் களத்தில் நாய் காலை வைக்கக் கூடாது, ஓரத்தில் காலைத் தூக்கவும் கூடாது. அது எண்ணெய்க்குப் போகிற சரக்கு.

அப்புறம் கேள்வி கேளுங்கள். கொறங்காட்டை எத்தனையாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள், மழை பொய்த்த வருடம் என்ன செய்தார்கள், வெள்வேலங்காயை ஆடு எந்த மாதம் தின்னும். ஒரு தோட்டத்தில் அம்மா ஒருவர் கொழுக்கட்டைப் புல்லின் கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதிக் காட்டினார். பஞ்சு பறந்துபோய் நடுவில் ஒரு சின்ன விதை நின்றது. “இதுதாங்க எங்க மூலதனம்” என்றார். அந்தக் கதிர்தான் திரும்பும்போது உங்கள் நாயின் வாலெல்லாம் ஒட்டியிருக்கும்.

நீர்மோர் கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். கிளம்பும்போது தேங்காய், கடலை, முட்டை என்று அவர்கள் விற்பதை விலை பேசாமல் வாங்குங்கள். ஆட்டுக்கறி வெட்டிய கழிவை ‘நாய்க்குப் போடுங்க’ என்று நீட்டினால் மட்டும் பணிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் சொன்ன அந்த நாடாப்புழு அப்படித்தான் நாய்க்கு வருகிறது. உங்கள் நாயின் மலம் ஒன்றுவிடாமல் உங்கள் பையில் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

ஏதாவது ஆகிவிட்டால்

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். முதலில் குளிரவைத்து, அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். வழியிலும் ஏசியைப் போட்டு விடுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்க விடாதீர்கள். போர்வையில் தூக்கிக்கொண்டு, எழுதி வைத்த மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மனிதரைக் கடித்தால் 108.

நாய் ஆளைக் கடித்தாலோ பிராண்டினாலோ, யார் நாயானாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். சொல்லும் தேதிகளில் எல்லாத் தவணையையும் போட்டு முடிக்க வேண்டும். உங்கள் நாயைத் தோட்டத்து நாய் கடித்திருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் நாயால் ஆடோ கோழியோ அடிபட்டால் மறைக்காதீர்கள். உடனே சொல்லி, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் பேசி, செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும்

குளிப்பாட்டும் முன் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்துத் தடவிப் பாருங்கள். காது மடலுக்குள், அக்குளில், விரலிடுக்கில், வாலடியில். உண்ணி இருந்தால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். அடுத்த மூன்று வாரம் கவனமாக இருங்கள். நாய் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் ‘கொறங்காட்டுக்குப் போய் வந்தோம்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். காதை அடிக்கடி உதறினால் புல் முனை உள்ளே போயிருக்கும்; நீங்களே குடையாதீர்கள்.

செருப்பைக் கழுவிக் காய வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் தோட்டத்துக்கு ஒரு போன் போட்டு, ஆடெல்லாம் சுகமா, வேலியில் எங்காவது சந்து விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். கிளுவையின் போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டால் துளிர்க்கும். சந்து அடைக்கும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு, அன்றைக்கு நாய் இல்லாமல் கையுறையோடு போய் நில்லுங்கள்.